பச்சை வாந்தி, பதினான்கு நாள்: ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு

எங்கள் பாப்பா பிறந்த மூன்றாம் நாள் குடல் முறுக்கிக்கொண்டது. கொங்குப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் அன்றைக்கே ஆபரேஷன் செய்து, பதினான்கு நாள் வைத்திருந்து, பிள்ளையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிரிவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், அதற்காக அங்கே ராப்பகலாக வேலை பார்க்கும் சிஸ்டர்களை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதை நான் விரும்பவில்லை. பழைய, பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது தெரியாமல் இருந்தது.

சிகிச்சைக்கு ஐந்துக்கு ஐந்து. பிள்ளை பெற்ற தாய் தங்குவதற்கான வசதிக்கு ஐந்துக்கு இரண்டு.

பிரசவம் ஊரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில். சுகப்பிரசவம், 2.9 கிலோ. முதல் நாளே தார் மாதிரி கறுப்பாக மலம் போனாள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தாள், தூங்கினாள். வயிறு உப்பவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று விடிகாலை நாலே முக்கால் மணிக்கு முதல் வாந்தி.

எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் பிள்ளைக்குத் துணி. வெள்ளை வேட்டியில் அந்த வாந்தி விழுந்திருந்தது. நான் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறவன். பதினோரு வருடமாக அதுதான் வேலை. கலரை டியூப் லைட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், லைட் மாறினால் ஷேடு மாறும். அதனால் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, விடியும் வரை காத்திருந்து பார்த்தேன். திரிந்த பால் வெள்ளையாக இருக்கும். சீம்பால் மஞ்சளாக இருக்கும். இது இரண்டும் இல்லை. குளத்துப் பாசியின் பச்சை.

நைட் டூட்டி நர்ஸ், "பித்தந்தாங்க, எல்லாக் கொழந்தைக்கும் வரும், தோள்ல போட்டுத் தட்டிக் குடுங்க" என்றார். அத்தை, பனிக்குடத் தண்ணியைக் குடித்திருக்கும், அது வெளியே வருகிறது என்றார். வாந்தி நிற்க ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஆறரைக்கு மறுபடியும் வாந்தி, அதே பச்சை, முன்னைவிட அதிகம். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு முனகத் தொடங்கியிருந்தாள்.

என் மனைவியின் சித்தி மகள் கிராம சுகாதார நர்ஸ். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் வந்தது. "மாமா, பால் குடுக்காதீங்க. ஒரு சொட்டுகூட வேண்டாம். சின்னக் குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா குடல்ல அடைப்புன்னுதான் மொதல்ல நினைக்கணும். கொழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேற எங்கயும் நின்னு நேரத்தைப் போக்காதீங்க." பிள்ளை உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அந்த போன்.

நர்சிங் ஹோமுக்கு வரும் குழந்தை டாக்டர் எட்டு மணிக்கு வந்தார். துணியைப் பார்த்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை. வாய் வழியாக வயிற்றுக்குள் மெல்லிய ட்யூப் போட்டார். அதிலிருந்தும் பச்சையாகவே வந்தது. கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றி, கடிதம் எழுதி, தானே போன் செய்து அந்த அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார். ட்யூப் எதற்கு என்று கேட்டேன். அடைப்புக்கு மேலே தேங்கும் நீரும் காற்றும் வெளியே வந்துகொண்டே இருந்தால்தான் வழியில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும் என்றார். நைட்டே அவரைக் கூப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வந்த பிறகு அவர் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

108ல் பச்சிளம் குழந்தைக்கென்றே இன்குபேட்டர் வைத்த வண்டி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கூப்பிடும்போதே பிறந்து மூன்று நாள் ஆன குழந்தை என்று சொல்லிவிடுங்கள், அதைச் சொன்னால்தான் அந்த வண்டி வரும். நாற்பது நிமிடத்தில் வந்தது. வண்டியில் இருந்த பையன் கால் மணிக்கு ஒரு தரம் பாப்பாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். குளிர்ந்துவிட்டால் பிள்ளை தாங்காது என்றான். ஒன்றரை மணி நேரப் பயணம். என் மனைவி தையல் வலியோடு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

பதினொன்று பத்துக்கு உள்ளே போனோம். ஓபி சீட்டு, வரிசை எதுவும் இல்லை, நேராகப் பச்சிளம் குழந்தைகள் பிரிவு. இருபது நிமிடத்துக்குள் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் வந்துவிட்டார். நடுத்தர வயது அம்மா. அவர் முதலில் கேட்டது, "வாந்தி எடுத்த துணி இருக்கா?" நான் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். விரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அப்புறம் கேள்விகள். மலம் போனதா? எப்போது? வயிறு உப்பியதா? கர்ப்ப காலத்து ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று யாராவது சொன்னார்களா? சொந்தத்தில் கல்யாணமா? எங்களிடம் எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான் இருந்தது. மலம் போயிற்று, வயிறு தட்டையாக இருக்கிறது. "அதனாலதாங்க எனக்கு அவசரம்" என்றார் டாக்டரம்மா. குடல் பிறவியிலேயே அறுபட்டோ மூடியோ இருந்தால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே அடையாளம் தெரியும், வயிறு உப்பும், இல்லை மலம் சரியாகப் போகாது. இரண்டு நாள் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பச்சையாக எடுத்தால், குடல் முறுக்கிக்கொண்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். வயிறு உப்பவில்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தது தப்பு. அடைப்பு மேலே, இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்தால் வயிறு தட்டையாகத்தான் இருக்கும்.

பச்சை ஏன் என்பதையும் அவர்தான் சொன்னார். ஈரலிலிருந்து வரும் பித்தநீர், இரைப்பைக்கு அடுத்து வரும் முன்சிறுகுடலில்தான் வந்து விழுகிறது. அதற்குக் கீழே எங்கே வழி அடைந்தாலும் பித்தம் மேலே ஏறி, வாந்தியில் பச்சையாக வரும். அடைப்பு அதற்கு மேலே இருந்தால் வாந்தி வெள்ளையாகவே இருக்கும். பச்சையாக எடுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் அடைப்பு இருக்கும் என்பதில்லை, கிருமித் தொற்றிலும் வரலாம். ஆனால் அடைப்பு இல்லை என்று பார்த்து உறுதி செய்யும் வரை, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். இதை அவர் இரண்டு முறை சொன்னார், அதனால் நானும் எழுதுகிறேன்.

படுக்கைக்கே எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி டாக்டர் ஒருவர் "நார்மல் மாதிரி இருக்கு மேடம்" என்றார். டாக்டரம்மா கோபப்படாமல், "முறுக்கு இருந்தாலும் எக்ஸ்ரே நார்மலா இருக்கலாம்பா, அதை வெச்சு யாரையும் வீட்டுக்கு அனுப்பிடாதே" என்றார். அடுத்தது டாப்ளர் ஸ்கேன், ரத்தம் ஓடுவதைக் கலரில் காட்டுவது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று உண்டு, அதை ஒட்டி ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை ஒன்று. ஸ்கேன் டாக்டர் எனக்கும் திரையைத் திருப்பிக் காட்டினார். தமனி நடுவில் நிற்க, சிரை அதைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் அடைப்பானை எடுத்தால் சுழலுமே, அப்படிச் சுழன்றிருந்தது. சிவப்பும் நீலமுமாக ஒரு சுருள். நேரம் இருந்தால் ட்யூப் வழியாகக் கொஞ்சம் மருந்து விட்டு எக்ஸ்ரேயில் குடலின் பாதையைப் பார்ப்பார்களாம், அதுதான் பழைய, நம்பகமான வழி. எங்களுக்கு அதற்குப் போகவில்லை. ஸ்கேனிலிருந்து நேராகத் தியேட்டர்.

கையெழுத்து வாங்கும் முன் டாக்டரம்மா என் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கினார். அதன் முழு நீளத்தையும் மேஜை விளிம்பில் விரித்து வைத்து, "எல்லாருக்கும் குடல் இப்படித்தான், முதுகுப் பக்கம் அகலமா ஒட்டியிருக்கும். முறுக்க முடியாது" என்றார். பிறகு துண்டின் ஒரு முனையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டார். "உங்க பாப்பாவுக்கு இப்படி." கருவில் குடல் முதலில் தொப்புள்கொடிக்குள் வளர்கிறதாம். பத்தாவது வாரம் வாக்கில் வயிற்றுக்குள் திரும்பி வரும். வரும்போது 270 டிகிரி சுற்றிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுற்று பாதியில் நின்றுவிட்டால், குடல் முழுவதும் ஒரு ஒல்லியான காம்பில் தொங்குகிறது. அந்தக் காம்புக்குள்தான் ரத்தக் குழாய்கள். தொங்கும் துண்டைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினார். துண்டின் கழுத்து கயிறாக இறுகியது.

சாயத்தொட்டியிலிருந்து சிட்டா நூலை எடுத்துக் கோலில் மாட்டி முறுக்கிப் பிழிவதை நான் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். முறுக்க முறுக்கத் தண்ணீர் எப்படி வெளியேறும் என்று தெரியும். பாப்பாவின் குடலிலிருந்து ரத்தம் அப்படி வெளியேறிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்டேன். "சொல்ல முடியாது. மணிக்கணக்குதான். அதனால நீங்க கையெழுத்துப் போடுங்க, நாங்க போறோம்." ரத்தம் வேண்டும் என்றார்கள், ரத்த வங்கியில் இருந்தது. அப்புறம் என் தம்பியும் இரண்டு நண்பர்களும் வந்து பதிலுக்குக் கொடுத்தார்கள்.

தியேட்டருக்கு உள்ளே எடுத்துப் போகும்போது மணி ஒன்று பத்து. வாசலில் மரப் பெஞ்ச். இரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருப்பது கலர்தான். "திறந்ததும் குடல் கறுநீலமா இருந்துச்சு. இரண்டு சுற்று. கடிகாரத்துக்கு எதிர்ப் பக்கமா சுத்தி அவிழ்த்துட்டு, வெதுவெதுப்பான சலைன் துணியில மூடி வெச்சுக் காத்திருந்தோம். பத்து நிமிஷத்துல ரோஸ் கலர் திரும்பிடுச்சு. ஒரு சென்டிமீட்டர்கூட வெட்டலை." என் மனைவி அந்தப் பெஞ்சிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றார்.

பிறந்த பிள்ளைக்குச் சிறுகுடல் இரண்டு, இரண்டரை மீட்டர் இருக்கும். கலர் திரும்பாமல் இருந்தால் அழுகிய பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். நிறைய போய்விட்டால் பால் குடித்து உடம்பில் ஒட்டுவதே முடியாமல் போய், மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டச்சத்து ஏற்ற வேண்டி வரும். முறுக்கை அவிழ்த்ததோடு வேலை முடியவில்லை. குடலைக் குறுக்கே கட்டிப் போட்டிருந்த நார்ப் பட்டைகளை அறுத்து, அந்த ஒல்லிக் காம்பை அகலமாக விரித்து, சிறுகுடலை வயிற்றின் வலது பக்கமும் பெருங்குடலை இடது பக்கமும் வைத்தார்கள். குடல்வாலையும் எடுத்துவிட்டார்கள். விட்டு வைத்தால் இனி அது இடது பக்கத்தில் இருக்கும் என்பதால், பின்னாளில் அங்கே வலி வந்தால் எந்த டாக்டருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று. டிஸ்சார்ஜ் சீட்டில் 'லாட் ஆபரேஷன்' என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வில்லியம் லாட் என்ற டாக்டர் 1936ல் எழுதி வைத்த முறை. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆன பின்பும் அடிப்படையில் அதே முறைதான்.

அடுத்த நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரிவின் உண்மையான தரம் அங்கேதான் தெரிந்தது. ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம், மிச்சம் பதினான்கு நாளும் சிஸ்டர்கள் கையில்தான். ட்யூப் வழியாக வருவதைச் சிரிஞ்சில் இழுத்து எத்தனை மில்லி, என்ன கலர் என்று சார்ட்டில் எழுதுவார்கள். முதல் நாள் 22 மில்லி, பச்சை. இரண்டாம் நாள் 18, பச்சை. மூன்றாம் நாள் 9, வெளிர் பச்சை. நான்காம் நாள் 4, மஞ்சள். ஐந்தாம் நாள் தெளிந்த எச்சில் மாதிரி. நான் அந்தச் சார்ட்டைத்தான் தினமும் கேட்பேன். பட்டறையில் சாயம் போட்ட துணியைக் கழுவக் கழுவத் தண்ணீர் தெளிவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை என்னவென்று தெரிந்ததும் ஒரு சிஸ்டர், "அண்ணா, இது பச்சையா மஞ்சளா, நீங்களே சொல்லுங்க" என்று ஒரு நாள் சிரிஞ்சைக் காட்டினார். மஞ்சள் என்றேன். மஞ்சள் என்றே எழுதினார்.

ஐந்தாம் நாள் மாலை 3 மில்லி தாய்ப்பால். மூன்று மணிக்கு ஒரு தரம். மறுநாள் 5, பிறகு 10. அதுவரை ரத்தக்குழாய் வழியாகத்தான் எல்லாம். வாய் வழியாக எதுவும் இல்லாத அந்த நாட்களில் என் மனைவிக்குப் பால் வற்றிவிடாமல் இருக்க, மூன்று மணிக்கு ஒரு முறை பீய்ச்சி எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது. மிஞ்சியதை அவள் அங்கே கொடுத்தாள். எடை குறைந்த பிள்ளைகளுக்கு அது போயிற்று. பால் கொடுக்க முடியாமல் மார்பு கட்டிக்கொண்டு அழுதவள், அந்த முதல் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் பெற்றவர்கள் நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். அங்கே கேட்ட விஷயங்கள் எனக்குப் பெரிய பாடம். ஒரு பிள்ளைக்கு முன்சிறுகுடல் பிறவியிலேயே மூடியிருந்தது. எக்ஸ்ரேயில் வயிற்றில் இரண்டு குமிழி பக்கத்துப் பக்கத்தில் தெரியும், அதற்குக் கீழே காற்றே இருக்காது. அந்த அம்மாவுக்கு ஏழாம் மாத ஸ்கேனிலேயே பனிக்குட நீர் அதிகம் என்று சொல்லி, பிரசவத்தையே அந்த மருத்துவமனையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஓட்டமே இல்லை, மேல் மாடியில் பிறந்து கீழ் மாடிக்கு வந்துவிட்டது. இந்த வகை அடைப்பு உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு டவுன் சின்ட்ரோமும் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லி, அந்தப் பரிசோதனையும் செய்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இருந்தது. அவன் அப்பா எங்களிடம், "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுங்க, மத்தது பாத்துக்கலாம்" என்றார். அவர் முகம் எனக்கு மறக்காது.

இன்னொரு பையன் இரண்டு நாளாக மலமே போகாமல் வயிறு தவில் மாதிரி இறுகி வந்தவன். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறந்திருக்கிறான், அதனால் அந்தப் பகுதி விரியாது, மலத்தையும் தள்ளாது. முதலில் ஆசன வழியாகக் குடலைக் கழுவினார்கள். பிறகு சிறு துண்டு எடுத்துப் பரிசோதனை. அப்புறம்தான் ஆபரேஷன். நல்ல மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை 24 மணி நேரத்துக்குள் மலம் போக வேண்டும், 48 மணி தாண்டினால் கட்டாயம் காட்ட வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். அவன் பாட்டி விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்து ஒரு நாளைக் கடத்தியிருக்கிறார். பாவம், அந்தப் பாட்டி தினமும் அதைச் சொல்லியே அழுதார்.

மூன்றாவது ஒரு பெண் குழந்தை, சிறுகுடல் நடுவில் துண்டாகிப் பிறந்தது. அவள் தொட்டில் பக்கத்தில் டாக்டரம்மா மாணவர்களுக்குச் சொன்னதைக் கேட்டேன். கருவில் குடல் ஒழுங்காக வளர்ந்த பிறகு அந்த இடத்துக்கு ரத்தம் போகும் வழி அடைந்துவிட்டால், அந்தத் துண்டு கரைந்து போய் இடைவெளி விழுகிறது. இதை 1955ல் தென்னாப்பிரிக்காவில் லோ என்பவரும் பர்னார்டு என்பவரும் நாய்க் குட்டிகள் தாய் வயிற்றில் இருக்கும்போதே சோதனை செய்து காட்டினார்களாம். பின்னாளில் 1967ல் உலகத்தில் முதல் முறையாக மனிதருக்கு இதயம் மாற்றி வைத்த அதே பர்னார்டுதான். மாணவர்கள் அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றார்கள்.

இப்போது குறைகள்.

பிள்ளை உள்ளே இருக்கும் தாய்மார்களுக்கு ஒரே ஒரு ஹால். பதினாறு பேர் இருந்தார்கள், கட்டில் ஏழு. என் மனைவி பிரசவமாகி மூன்றாம் நாள், தையல் காயத்தோடு முதல் இரண்டு இரவு தரையில் பாய் போட்டுப் படுத்தாள். கழிப்பறை இரண்டு, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. வெந்நீர் இல்லை. பிரசவமான பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளையை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கும் இடம் அந்தப் பிள்ளையின் தாயையும் ஒரு நோயாளியாகப் பார்க்க வேண்டும். இதை எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டேன், டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அவர், "நாங்களும் எழுதிக்கிட்டேதான் இருக்கோம்" என்றார்.

ஆண்கள் வராந்தாவில்தான். மழை பெய்தால் சாரல். டிராலி தள்ளிய ஒருவர் இருநூறு ரூபாய் கேட்டார். பிள்ளை எந்த நிலையில் இருக்கும்போது கேட்டார் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சிஸ்டரிடம் சொன்னேன், அதன் பிறகு எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

இரவில் விவரம் சொல்ல ஆள் இல்லை. பகலில் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு உள்ளே ஏதோ மெஷின் சத்தம் கேட்டால், காலை வரை வயிற்றில் நெருப்புதான். சாயங்காலமும் ஒரு முறை சொன்னால் போதும்.

செலவு. மருத்துவமனைக்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆபரேஷன், ஸ்கேன், மருந்து, ரத்தம், ஆம்புலன்ஸ் எல்லாமே இலவசம். பச்சிளம் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இப்படி என்று 2011லிருந்தே மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. எங்கள் கைச்செலவு சாப்பாடு, பஸ், ஆட்டோ, துணிமணி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். போகும் போது மனைவிக்குப் போர்வை, பாய், பிளாஸ்க், பிள்ளைக்கு வெள்ளைத் துணி நிறைய எடுத்துப் போங்கள். கர்ப்ப காலத்து ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கட்டாயம் வேண்டும், முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்பார்கள்.

ஏசி ரூம் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். நான் பார்த்தது வேறு. மூன்று கிலோகூட இல்லாத பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கத் தெரிந்த டாக்டர், அந்தச் சின்ன வயிற்றைத் திறக்கத் தினமும் பழகிய கை, அதன் பிறகு மில்லி மில்லியாகப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர்கள், மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் நடுப்பகல் பதினொன்று மணிக்கு அது மூன்றும் தயாராக இருந்த இடம் இதுதான். தனியாரிலும் அப்படிப்பட்ட இடங்கள் பெரிய நகரங்களில் உண்டு. பணம் இருந்து, பக்கத்திலும் இருந்தால் அங்கே போவதில் தப்பில்லை. கட்டடத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், குழந்தைகள் சர்ஜன் உள்ளே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று எடை 2.95. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, எப்போது திரும்பி ஓடி வர வேண்டும் என்று சொன்னார். மறுபடி பச்சை வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு போவது. வயிற்றைத் திறந்த பிள்ளைக்கு உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டு பின்னாளில் அடைப்பு வர வாய்ப்பு உண்டு, முறுக்கும் அரிதாகத் திரும்ப வரலாம். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. அத்தைக்கும் தனியாகச் சொன்னார்: உரை மருந்து, கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அத்தை அதைக் கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதால் கேட்டுக்கொண்டார், நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

பாப்பாவுக்கு இப்போது ஏழு மாதம். குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். தொப்புளுக்கு மேலே குறுக்கே ஒரு மெல்லிய கோடு.

வீட்டுக்கு வந்த மாதத்தில் நான் லேபில் ஒரு வேலை செய்தேன். வெள்ளைக் காடாத் துணியை உள்ளங்கை அளவு வெட்டி, திரிந்த பால் வெள்ளை, சீம்பால் மஞ்சள், அடர் மஞ்சள், வெளிர் பச்சை, பாசிப்பச்சை என்று ஐந்து ஷேடு போட்டு ஓர் அட்டையில் ஒட்டினேன். எங்கள் வேட்டித் துணியின் கறையை வைத்துத்தான் பாசிப்பச்சைக்கு ஸ்டாண்டர்ட். முதலில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அடர் மஞ்சளையும் விட்டுவிடாதீர்கள், சில பிள்ளைகளுக்குப் பித்தம் அந்தக் கலரிலும் தெரியும், திரும்பத் திரும்ப எடுத்தால் காட்டியே ஆக வேண்டும் என்றார். அதனால் மேலே இரண்டுக்கும் ஒன்றும் எழுதாமல், மூன்றாவதற்கு 'டாக்டரிடம் காட்டுங்கள்' என்றும், கடைசி இரண்டுக்கும் 'பால் நிறுத்துங்கள், 108' என்றும் எழுதினேன். ஒன்றைச் சித்தி மகள் தன் துணை சுகாதார நிலையத்தில் மாட்டியிருக்கிறாள். ஒன்று வார்டு சிஸ்டரிடம்.

போன ஓபிக்குப் போயிருந்தபோது அந்த சிஸ்டர், பிரசவ வார்டுக்கும் சேர்த்து இன்னும் பத்து அட்டை வேண்டும் என்றார். ஒரு திருத்தமும் சொன்னார்: சீம்பால் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதாம், அதைப் பார்த்து இரண்டு அம்மாக்கள் பயந்துவிட்டார்களாம். அடுத்த லேப் டிப்பில், அதாவது மாதிரிச் சாயம் போடும்போது, அதைக் கால் பங்கு குறைத்துப் போடப் போகிறேன்.